வேற்றுலகங்களில் உயிர் உண்டா? உண்டெனில் எமது விசுவாசம் என்னாகும்?

"வானத்தில் இத்தனை நட்சத்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றில் எங்கேயாவது எங்களைப் போல யாராவது இருக்கிறார்களா?" மறைக்கல்வி வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளையும் இதைக் கேட்கிறது, உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் இளைஞனும் இதைக் கேட்கிறான். பிள்ளை கேட்கும்போது அதில் ஆவல் மட்டுமே உண்டு. இளைஞன் கேட்கும்போது பெரும்பாலும் அதன் பின்னால் வேறொரு கேள்வி மறைந்து நிற்கிறது. "அப்படி யாராவது இருந்தால், சுவாமி, நீங்கள் இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொன்னதெல்லாம் என்னாகும்? தேவசுதன் மனிதனாகப் பிறந்தது இந்தப் பூமியில் மட்டும்தானே?" என்பதே அந்தக் கேள்வி.

வீடுகளில் இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, "அதெல்லாம் கேட்கக்கூடாது" என்பது. மற்றது, "வேதாகமத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஆகவே அப்படி யாரும் இல்லை" என்பது. முதலாவது பிள்ளையின் வாயை மூடுகிறது. இரண்டாவது அதைவிடக் கேடானது. ஏனெனில், நாளைக்கே செவ்வாயின் பாறையொன்றில் ஒரு நுண்ணுயிர் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பிள்ளை தன் பெற்றோரின் பதிலோடு வேதாகமத்தையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடும். ஆதலால், இது பற்றி விஞ்ஞானம் உண்மையில் எதை அறிந்திருக்கிறது, திருச்சபையின் சிந்தனையாளர்கள் எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பவற்றை இவ்வாரம் சற்று நிதானமாக நோக்குவோம்.

எதைத் தேடுகிறார்கள்?

'வேற்றுலக உயிர்' என்றதும் எமது மனக்கண்முன் வருபவர்கள் சினிமாப் படங்கள் காட்டிய பெருந்தலைக் குள்ளர்களே. விஞ்ஞானிகள் பெரும்பாலும் தேடுவது அவர்களை அல்ல, பற்றீரியாவைப் போன்ற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையே. இதற்குக் காரணம் எமது பூமியின் சரித்திரத்திலேயே இருக்கிறது. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். குறைந்தது 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு உயிர் இருந்தது என்பதற்குப் பழம் பாறைகளில் தடயங்கள் உள்ளன. ஆனால் கண்ணாற் காணக்கூடிய விலங்குகள் தோன்றி ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளே ஆகின்றன. மனிதனோ நேற்று வந்தவன். வேற்றுலகவாசி ஒருவர் இந்த நீண்ட காலத்தில் ஏதோ ஒரு நாளில் எமது பூமிக்கு வந்து பார்த்திருந்தால், பெரும்பாலும் பாசி படிந்த தண்ணீரைத் தவிர வேறொன்றையும் கண்டிருக்கமாட்டார்.

நாமறிந்த உயிருக்கு மூன்று விடயங்கள் வேண்டும்: திரவ நிலையில் தண்ணீர், காபன் முதலிய மூலகங்கள், சக்தி தரும் ஒரு மூலம். இந்தச் சக்தி சூரிய ஒளியிலிருந்தே வரவேண்டும் என்றுதான் நெடுங்காலமாக எண்ணியிருந்தார்கள். 1977ஆம் ஆண்டிலே, பசுபிக் சமுத்திரத்தில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்துக்கு இறங்கியவர்கள், கடலடியில் வெந்நீர் ஊற்றுக்களைக் கண்டார்கள். சூரிய ஒளி ஒரு துளியும் எட்டாத அவ்விடத்தில், ஊற்றோடு வெளிவரும் இரசாயனப் பொருட்களிலிருந்து சக்தி பெறும் நுண்ணுயிர்களும், அவற்றை நம்பி வாழும் புழுக்களும் சிப்பிகளும் கூட்டங்கூட்டமாக இருந்தன. உயிர் இருக்க இயலாது என்று நாம் எழுதிவைத்த இடங்களின் பட்டியல் அன்றோடு சுருங்கிவிட்டது.

காலியிற் பிறந்த ஒரு விஞ்ஞானி

இத்துறையிலே எமது நாட்டவர் ஒருவர் உலகப் புகழ் பெற்றிருந்தார் என்பதை எமது பிள்ளைகளில் எத்தனைபேர் அறிவார்கள்? பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும 1923ஆம் ஆண்டு காலியிலே பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதலிற் படித்தது மெய்யியல். பின்னர் இலண்டனிலும் அமெரிக்காவிலும் இரசாயனம் கற்று, 1960களில் நாசா நிறுவனத்திலே, உயிர் எவ்வாறு தோன்றியிருக்கும் என்று ஆராயும் பகுதிக்குத் தலைமை தாங்கினார். மெய்யியலிலிருந்து இரசாயனத்துக்குப் போனவர் என்பது எமக்கு முக்கியமாகப் படுகிறது. 'உயிர் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வியை அவர் இரண்டு வாசல்களாலும் அணுகினார் எனலாம்.

அவருக்கு முன்பே, 1953இல், ஸ்ரான்லி மில்லர் என்ற இளைஞர் சிக்காக்கோவில் ஒரு பரிசோதனை செய்திருந்தார். நீராவி, மெதேன், அமோனியா, ஐதரசன் ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறியைப் பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் உண்டாகியிருந்தன. எமது உடலின் புரதங்கள் யாவும் அமினோ அமிலங்களால் ஆனவையே. பூமியில் இது நடக்குமென்றால் வானவெளியிலும் நடக்குமா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

1969 செப்டெம்பர் 28ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மேர்ச்சிசன் என்ற ஊரிலே ஒரு விண்கல் சிதறி விழுந்தது. சேர்த்தெடுத்த துண்டுகள் 100 கிலோவுக்கு மேல். அதன் ஒரு பகுதியைப் பொன்னம்பெருமவும் அவரது கூட்டாளிகளும் ஆராய்ந்து, உள்ளே அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் அறிவித்தார்கள். அவை நிலத்திலிருந்தோ, கல்லைத் தொட்டவர்களின் விரல்களிலிருந்தோ ஒட்டியவை அல்ல என்பதை அவர்கள் காட்டிய முறைதான் அழகானது. அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை என்று இருவகை உண்டு. எமது இரு கைகளைப் போலவே அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். பூமியில் உயிரினங்களின் புரதங்களில் இருப்பவை ஏறத்தாழ எல்லாமே இடக்கை வகை. விண்கல்லிலோ இரண்டு வகையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அதாவது, அவை ஓர் உயிரிலிருந்து வந்தவை அல்ல, உயிரில்லாமலே வானவெளியில் உண்டானவை.

இதை வைத்துக்கொண்டு "வானத்தில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டது" என்று சொல்வது பிழை. செங்கல்லும் சீமெந்தும் வளவில் வந்து இறங்கிவிட்டன என்பதற்காக வீடு கட்டி முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. செங்கல் எங்கும் மலிந்து கிடக்கிறது என்பது உறுதி. அது வீடாவது எளிதா, அரிதா என்பதை இன்றுவரை எவரும் அறியார். 1994இல் காலமாகும்வரை பொன்னம்பெரும தேடியதும் அதைத்தான்.

செவ்வாயில் வாய்க்கால்கள்

தேடலில் மனிதன் எவ்வளவு எளிதாக ஏமாறுகிறான் என்பதற்குச் செவ்வாய்க் கிரகமே நல்ல பாடம். இதில் ஒரு குருவானவருக்கும் சிறு பங்குண்டு. உரோமாபுரியில் யேசு சபையின் வானாய்வு நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த அஞ்சலோ செக்கி அடிகள், நட்சத்திரங்களை அவற்றின் ஒளியின் நிறமாலையைக் கொண்டு வகைப்படுத்திய பெரும் விஞ்ஞானி. 1858இல் செவ்வாயைப் பார்த்து வரைந்தபோது, அங்கு கண்ட ஒரு கருமையான பகுதிக்கு 'கால்வாய்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லைப் பயன்படுத்தினார். 1877இல் மிலான் நகரின் ஸ்கியாப்பரெல்லி அதே சொல்லைப் பல நீண்ட கோடுகளுக்குச் சூட்டினார். இத்தாலிய மொழியில் அச்சொல் இயற்கையான நீரோடையையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது மனிதன் வெட்டிய வாய்க்காலாகிவிட்டது. 1894இல் அமெரிக்கச் செல்வந்தர் பேர்சிவல் லோவல் அரிசோனாவில் சொந்தமாக ஒரு வானாய்வு நிலையமே கட்டி, செவ்வாய்வாசிகள் துருவப் பனியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வெட்டிய வாய்க்கால்கள் இவையென்று நூல்கள் எழுதினார்.

1965 யூலையில் மரினர் 4 என்ற விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று 22 படங்களை எடுத்து அனுப்பியது. வாய்க்காலும் இல்லை, வயலும் இல்லை. சந்திரனைப் போன்ற குழிகளே இருந்தன. லோவல் பொய் சொன்னவர் அல்லர். அவர் கண்டதாக நம்பியதையே வரைந்தார். மங்கலாகத் தெரியும் புள்ளிகளை எமது கண் தானாகவே கோடாக இணைத்துவிடுகிறது.

அதன்பின் 1976இல் வைக்கிங் என்ற பெயர்கொண்ட இரண்டு விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி, மண்ணை அள்ளி உயிருக்கான பரிசோதனைகள் செய்தன. ஒரு பரிசோதனையில் உயிர் இருப்பதுபோல விளைவு வந்தது. ஆனால் அதே மண்ணில் சேதனப் பொருட்கள் அகப்படவில்லை. மண்ணில் உள்ள இரசாயனமே அவ்விளைவைத் தந்தது என்பதே பெரும்பாலோரின் முடிவு. 1996இல், அந்தாட்டிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு செவ்வாய்க் கல்லிலே நுண்ணுயிரின் தடயங்கள் உண்டென்று பெரும் ஆரவாரத்தோடு அறிவித்தார்கள். உயிரில்லாமலே அவை தோன்றலாம் என்று பின்னர் பலர் காட்டினர். 2024 யூலையில் பேர்சிவரன்ஸ் என்ற ஊர்தி, ஒரு காலத்தில் ஆறு பாய்ந்த பள்ளத்தாக்கிலே, சிறுத்தையின் புள்ளிகளைப் போன்ற அடையாளங்கள் கொண்ட பாறையொன்றைக் கண்டது. பூமியில் இத்தகைய புள்ளிகளோடு நுண்ணுயிர்கள் சேர்ந்திருப்பதுண்டு. 2025 செப்டெம்பரில் ஆய்வு முடிவை வெளியிட்டவர்கள், "உயிரின் தடயமாக இருக்கக்கூடும்" என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கம் பாராட்டுக்குரியது. பாறையின் மாதிரி இன்னும் செவ்வாயிலேதான் இருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவுப் பெருக்கத்தால் இழுபறிப்பட்டது.

எமது நாட்டிலும் இத்தகைய ஆரவாரம் ஒன்று நடந்ததுண்டு. 2012 டிசெம்பர் இறுதியில் பொலன்னறுவைப் பகுதியில் விண்கற்கள் விழுந்ததாகச் செய்தி வந்தது. கொழும்பிற் பிறந்த வானியலாளர் பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவும் அவரோடு சேர்ந்தவர்களும், அக்கற்களிலே நுண்ணிய பாசியினத்தின் ஓடுகள் உள்ளன, அவை வானவெளியிலிருந்து வந்தவை என்று 2013இல் அறிவித்தார்கள். பத்திரிகைகளில் கொட்டை எழுத்துக்களில் வந்தது. ஆனால் மற்ற விஞ்ஞானிகள், அக்கல் விண்கல்தானா என்பதையே கேள்விக்குள்ளாக்கினார்கள். அந்தப் பாசிகள் பூமியின் நன்னீரிற் காணப்படுபவையே என்றும் சுட்டிக்காட்டினார்கள். முதற் செய்தியைக் கேட்டவர் பலர், இரண்டாவதைக் கேட்டவர் சிலரே. இன்று கைத்தொலைபேசியில் நாளுக்கொன்றாக வரும் காணொளிகளைப் பற்றி நாம் சொல்லவே வேண்டியதில்லை.

தூரமும் மௌனமும்

செவ்வாயைத் தாண்டினால், சனிக் கிரகத்தைச் சுற்றும் என்செலடஸ் என்ற சிறு சந்திரன் இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் மட்டுமே. பனிக்கட்டி ஓட்டுக்குள்ளே உப்புநீர்ச் சமுத்திரம் ஒன்றை மறைத்து வைத்திருக்கும் அதன் தென்துருவத்து வெடிப்புக்களிலிருந்து நீர் பீறிட்டு வானவெளிக்குப் பாய்வதைக் கசினி விண்கலம் 2005இல் கண்டது. அந்த நீரின் பனித்துகள்களில் பொசுபேற்று இருந்தமை 2023இல் அறிவிக்கப்பட்டது. உயிருக்குத் தேவையான பொருட்களில் அதுவும் ஒன்று. வியாழனின் சந்திரனாகிய யூரோப்பாவிலும் பனிக்கு அடியில் சமுத்திரம் உண்டென்று நம்புகிறார்கள்.

சூரியனை விட்டு வெளியே போனால் கணக்கே மாறிவிடுகிறது. எமது பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள். அவற்றைச் சுற்றிக் கோள்கள் உண்டா என்பது 1990கள் வரை ஊகமாகவே இருந்தது. 1995இல் மிஷேல் மேயர், டிடியே குவெலோஸ் என்ற இரு சுவிற்சர்லாந்து நாட்டவர் சூரியனைப் போன்ற நட்சத்திரமொன்றைச் சுற்றும் கோளைக் கண்டு, 2019இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார்கள். 2025 செப்டெம்பரில் இவ்வாறு உறுதிசெய்யப்பட்ட கோள்களின் தொகை 6,000ஐ எட்டியது.

ஆனால் தூரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மிக அண்மையிலுள்ள நட்சத்திரம் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 செக்கனுக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அரை நிமிடமும் எடாத வேகம் அது. அவ்வேகத்தில் அந்த நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் வேண்டும். வேற்றுலகவாசிகள் பறக்கும் தட்டுக்களில் வாரந்தோறும் வந்து போகிறார்கள் என்ற கதைகளை நாம் நம்பாமைக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

போக முடியாவிட்டாலும் நுகரலாம் அல்லவா? கோளின் வளிமண்டலத்தினூடாக வரும் நட்சத்திர ஒளியைப் பகுத்து, அங்குள்ள வாயுக்களை ஓரளவுக்கு அறிகிறார்கள். 2025 ஏப்ரிலில், 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு கோளில், எமது கடல்களில் நுண்பாசிகள் வெளிவிடும் ஒரு வாயுவின் அடையாளம் தெரிவதாகக் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதே தரவுகளை எடுத்துப் பார்த்த வேறு குழுவினர், அவ்வடையாளம் உறுதியானதல்ல என்றார்கள். செவி கொடுத்துக் கேட்பவர்களும் உளர். 1960இல் பிராங்க் டிறேக் அமெரிக்காவில் றேடியோத் தொலைகாட்டி ஒன்றை இரு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பி, யாராவது பேசுகிறார்களா என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு குரலும் கேட்கவில்லை.

ஆகவே விஞ்ஞானத்தின் இன்றைய பதில் இதுதான்: உயிருக்கு ஏற்ற இடங்கள் பல இருக்கலாம், உயிர் எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை. உண்டென்று அடித்துச் சொல்பவரும், இல்லையென்று அடித்துச் சொல்பவரும் தமக்குத் தெரியாததையே சொல்கிறார்கள்.

திருச்சபை கதவை மூடியதா?

பழைய கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், உலகம் ஒன்றே ஒன்று, வேறு உலகங்கள் இருக்கவே இயலாது என்று போதித்தார். 13ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இப்போதனை வேரூன்றியபோது, எதிர்த்து எழுந்தவர் யார் தெரியுமா? அந்நகரின் ஆயர். 1277ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆயர் எற்றியென் தம்பியே 219 கூற்றுக்களைத் தடைசெய்தார். 'இறைவனால் பல உலகங்களைப் படைக்க இயலாது' என்பது அவற்றில் ஒன்று. பல உலகங்கள் இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. இறைவனின் கையைக் கட்ட எந்த மெய்யியலாளருக்கும் உரிமையில்லை என்பதே அவரது கருத்து.

1440இல் நிக்கொலாஸ் கூசா என்ற ஜெர்மானியக் குரு, மற்ற விண்ணுலகங்களிலும் குடியிருப்பவர்கள் உண்டென எண்ண இடமுண்டு என்று எழுதினார். அவரைத் திருச்சபை தண்டிக்கவில்லை, 1448இல் கர்தினாலாக்கியது. அதே நூற்றாண்டில் வில்லியம் வொறிலோன் என்ற பிரான்சீஸ்கன் சபைத் துறவி எமது இளைஞன் கேட்ட அதே கேள்வியைத் தாமே எழுப்பினார்: வேறொரு உலகத்தில் மனிதர் இருந்தால், இந்தப் பூமியில் மரித்த கிறிஸ்து அவர்களையும் மீட்க இயலுமா? இயலும் என்றார். அவர்களுக்காக அங்கே சென்று மீண்டும் மரிப்பது பொருந்தாது என்றும் சொன்னார். றொக்கற்றும் தொலைகாட்டியும் கனவிலும் இல்லாத காலம் அது.

இங்கே ஜியோர்தானோ புறூனோவை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. எண்ணற்ற உலகங்கள் உண்டென்று போதித்த இந்த முன்னாள் துறவியை, திருச்சபையின் விசாரணை மன்றம் குற்றவாளியெனத் தீர்த்து அதிகாரிகளிடம் கையளிக்க, 1600 பெப்ரவரி 17ஆம் திகதி உரோமாபுரியில் உயிரோடு எரித்தார்கள். அவர்மேற் சாட்டப்பட்டவற்றில் திரித்துவத்தையும் கிறிஸ்துவின் தெய்வீகத்தையும் மறுத்தமை முதலியன முன்னின்றன. உலகங்கள் பல என்ற கருத்தும் அவற்றோடு சேர்ந்திருந்தது. எதை மறுத்திருந்தாலும், ஒரு மனிதனை அவன் கருத்துக்காக எரித்ததற்கு நியாயமே கிடையாது. 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் அதற்கு வருத்தம் தெரிவித்தது.

எமது காலத்துக்கு வருவோம். வத்திக்கான் வானாய்வு நிலையத்தைப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் புதுப்பித்து நிறுவினார். அதன் தலைவராயிருந்த ஆர்ஜென்ரீன யேசு சபைக் குரு ஹொசே கபிரியேல் பூனெஸ், 2008 மே மாதம் வத்திக்கான் நாளேட்டுக்கு அளித்த செவ்வியில், வேற்றுலகவாசியை எமது சகோதரன் என்று அழைக்கலாம் என்றும், அவ்வாறு நம்புவது விசுவாசத்துக்கு முரணல்ல என்றும் கூறினார். படைப்பனைத்தையும் சகோதரமாகக் கண்ட அசிசி நகர்ப் பிரான்சிஸ்குவின் வழியிலேயே அவர் பேசினார். 2009 நவம்பரில் பாப்பிறையின் விஞ்ஞானக் கழகம், வேற்றுலக உயிர் பற்றியே ஒரு வார ஆய்வுக் கூட்டம் நடத்தி, விசுவாசிகளும் அல்லாதவர்களுமான விஞ்ஞானிகளை வத்திக்கானுக்கு அழைத்தது. 2025 செப்டெம்பரில் அந்த வானாய்வு நிலையத்தின் பொறுப்பு இந்தியரான யேசு சபைக் குரு றிச்சட் டி சூசாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

புனித அகுஸ்தீனும் மறுகரை மனிதரும்

'வேதாகமத்தில் இல்லை, ஆகவே இல்லை' என்ற பதிலுக்கு மீண்டும் வருவோம். இந்தப் பதிலை ஒரு காலத்தில் மாபெரும் வேதபாரகராகிய புனித அகுஸ்தீனே கொடுத்திருக்கிறார். பூமியின் எதிர்ப்பக்கத்தில் மனிதர் வாழ்கிறார்களா என்பது 5ஆம் நூற்றாண்டில் ஒரு கேள்வி. பூமி உருண்டையென்று வைத்துக்கொண்டாலும் அங்கு மனிதர் இருக்கமாட்டார்கள் என்றார் அவர். அவரது நியாயம் இதுதான்: மனிதர் அனைவரும் ஆதாமின் மக்கள், அந்தப் பெருஞ் சமுத்திரத்தை எவரும் கடந்து போயிருக்க இயலாது, ஆகவே அங்கு எவரும் இல்லை.

ஆயிரம் ஆண்டுகளின் பின், 1492இல், கொலம்பஸ் சமுத்திரத்தின் மறுகரையை அடைந்தபோது அங்கு மக்கள் இருந்தார்கள். வேதாகமத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்த அப்போஸ்தலரும் அங்கு போனதாக ஐரோப்பா அறிந்திருக்கவில்லை. இவர்கள் மனிதர்தாமா, இவர்களுக்கு ஆன்மா உண்டா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அக்கேள்வி பலருக்கு இலாபமானது. மனிதரல்லர் என்றால் அடிமையாக்கலாம், நிலத்தைப் பறிக்கலாம். 1537இல் பாப்பரசர் 3ஆம் சின்னப்பர் ஓர் ஆணை விடுத்தார். அம்மக்கள் உண்மையான மனிதரே, அவர்கள் விசுவாசத்துக்கு வெளியே இருந்தாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்பது அதன் சாரம். அந்த ஆணையைக் குடியேறியவர்கள் எவ்வளவுக்கு மதித்தார்கள் என்பது வேறு கதை, துயரமான கதை. ஆயினும் நாம் இங்கு கவனிக்க வேண்டியது, அகுஸ்தீனின் புவியியல் பிழைத்தபோது அவருடைய விசுவாசம் பிழைக்கவில்லை என்பதே. ஆதியாகமம் எழுதப்பட்டது படைத்தவர் யார் என்று சொல்வதற்கு. படைக்கப்பட்டவற்றுக்கெல்லாம் இடாப்பு எழுதுவதற்கன்று. அதில் கங்காருவும் இல்லை.

மீட்பு யாருக்கு?

இனி அந்த இளைஞனின் கேள்வியை நேரே நோக்குவோம். அறிவும் சுயாதீனமும் உள்ள வேறு சிருஷ்டிகள் எங்கோ இருந்தால், கிறிஸ்து அவர்களுக்கு யார்?

மனிதன் மட்டுமே அறிவுள்ள சிருஷ்டி என்று கத்தோலிக்க மதம் ஒருநாளும் போதித்ததில்லை. எமது பிள்ளைகள் படுக்கைக்குப் போகுமுன் தம் காவல் சம்மனசை நினைத்துச் செபிக்கிறார்கள். மனிதரல்லாத, உடலில்லாத, எம்மைவிட அறிவிற் சிறந்த, எண்ணற்ற சிருஷ்டிகள் உண்டென்று நாம் ஆதி முதல் நம்பியிருக்கிறோம். கிறிஸ்து சம்மனசாகப் பிறக்கவில்லை, மனிதனாகவே பிறந்தார். அதனால் சம்மனசுகளுக்கு அவர் ஆண்டவர் அல்லர் என்றாகிவிடவில்லை. வானத்திலும் பூமியிலும் உள்ள யாவும் அவர் வழியாகவே படைக்கப்பட்டன என்று கொலோசையருக்கு எழுதும் புனித சின்னப்பர், பூமியோடு எல்லை போடவில்லை.

அந்த வேற்றுலகச் சிருஷ்டிகள் பாவத்தில் விழாதவர்களாயும் இருக்கலாம். நல்ல மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன உவமையில், அந்தத் தொண்ணூற்றொன்பதும் சம்மனசுகள் என்றும், காணாமற்போன ஆடு மனுக்குலம் என்றும் ஆதித் திருச்சபைப் பிதாக்கள் சிலர் விளக்கம் சொன்னதுண்டு. பூனெஸ் அடிகளும் 2008இல் இவ்வுவமையையே எடுத்தாண்டு, காணாமற்போன ஆடு நாமாக இருக்கலாம் என்றார். மற்றவர்களோ எம்மைப்போலவே விழுந்தவர்களாக இருந்தால்? வொறிலோனைப்போல, கல்வாரியின் ஒரே பலி அவர்களுக்கும் போதும் என்பவர்கள் உளர். தேவசுதன் அவர்களுடைய இயல்பையும் எடுத்திருக்கலாம் என்பவர்களும் உளர். புனித தோமஸ் அக்குவீனாஸ் வேற்றுலகத்தை மனதிற் கொள்ளாமலே ஒரு கேள்வி எழுப்பினார்: தேவசுதன் தாம் எடுத்த மனித இயல்போடு இன்னொரு மனித இயல்பையும் எடுத்துக்கொள்ள வல்லவரா? வல்லவரே, தேவ ஆளின் வல்லமைக்கு எல்லையில்லை என்பது அவரது விடை. செய்தார் என்று அவர் சொல்லவில்லை.

இவற்றில் எதையும் திருச்சபை விசுவாச சத்தியமாக வரையறுக்கவில்லை. வரையறுக்க வேண்டிய அவசியமும் எழவில்லை. யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமல் எதைத் தீர்மானிப்பது? எம்மைக் கேட்டால், வொறிலோனின் பக்கமே மனம் சாய்கிறது. பெத்லகேம் என்ற சிற்றூரில், ஒரு சிறு தேசத்தில், ஒருமுறை நடந்தது உரோமாபுரிக்கும், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பிந்தி மன்னாருக்கும் போதுமாயிருந்தது. தூரம் அதற்கு முன்பும் தடையாக இருந்ததில்லை. ஆனால் இது எமது அபிப்பிராயம் மட்டுமே; வேறாக எண்ணும் வாசகர் எவரும் விசுவாசத்துக்கு மாறாக எண்ணுபவர் அல்லர்.

கண்டுபிடிக்கப்படுவது ஒரு நுண்ணுயிர் மட்டுமே என்றால், இக்கேள்விகள் எழவும் மாட்டா. பற்றீரியாவுக்குப் பாவமும் இல்லை, மீட்பும் வேண்டியதில்லை. படைத்தவரின் கைவண்ணம் நாம் நினைத்ததிலும் விரிந்தது என்று தெரியவரும், அவ்வளவே.

எப்போது தெரியவரும் என்று பிள்ளை கேட்டால், ஒரு தேதியாவது சொல்லலாம். யூரோப்பாவை ஆராயும் கிளிப்பர் விண்கலம் 2024 ஒக்டோபர் 14ஆம் திகதி புறப்பட்டது. 2030 ஏப்ரிலில் அது வியாழனைச் சென்றடைய வேண்டும் என்பது திட்டம். அடுத்த ஆண்டுகளில் யூரோப்பாவை ஏறத்தாழ 50 தடவை கடந்து பறந்து, பனியின் தடிப்பையும், அடியிலுள்ள சமுத்திரத்தையும், அதன் உப்பையும் அளக்கும். உயிரைக் கண்டுபிடிக்கும் கருவி அதில் இல்லை. அங்கே உயிர் வாழ முடியுமா என்பதை மட்டுமே அது சொல்லும்.